நார்மல் ஹாராதன்

மூன்றாம் மாடிக்கு ஏறி முடிப்பதற்குள் ஹாராதன் சாமந்தா இடது சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிடுவார். லிஃப்ட் உண்டு, ஏற மாட்டார். நடந்து வந்தால்தான் ரத்தம் விழித்திருக்கும் என்பது அவர் கட்சி. லிஃப்ட் ஓட்டும் கேஷ்டோவுக்கு இது தொழிலுக்கே நேர்ந்த அவமானம். அவர் படியில் கால் வைக்கும்போதெல்லாம் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "சாமந்தா பாபு, நீங்க வேணா நடந்து வாங்க. அந்தக் கைய மட்டும் குடுங்க, நான் மேல கொண்டுபோய் விட்டுடுறேன்" என்பார். ஹாராதன் திரும்பிப் பார்க்காமலே பதில் சொல்வார்: "நீ முதல்ல மாடிக்கு நேரா நிறுத்தக் கத்துக்கோ."

மேலே ஆய்வுக்கூடத்தில் ரத்தம் எடுக்கும் ஜூதிகா ஊசியோடு தயாராக இருப்பார். ஹாராதன் முக்காலியில் உட்கார்ந்து கையை நீட்டிவிட்டு, முகத்தைச் சுவர்க் காலண்டர் பக்கம் திருப்பிக்கொள்வார். இருபத்திரண்டு வருடமாகச் செவ்வாயும் வெள்ளியும் குத்திக்கொள்கிறவருக்கு ஊசி உள்ளே போவதைப் பார்க்க இன்னும் தைரியம் வரவில்லை.

"ஆச்சா?"

"இன்னும் தொடவே இல்ல ஹாராதன்தா."

"தொட்டுட்டு சொல்லாத. சொல்லிட்டும் தொடாத."

கொல்கத்தாவின் பெரிய ஆஸ்பத்திரிகள் காரணம் தெரியாமல் கைவிரித்த குழந்தைகள் எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வருகிறார்கள். காதில் சீழ், தோலில் கட்டி, நெஞ்சில் சளி என்று ஒன்று ஆறுவதற்குள் அடுத்தது வந்துகொண்டே இருக்கும் பிள்ளைகள். ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் எண்ணிக்கைக்குக் குறைவில்லாமல் இருக்கும். ஆனால் கிருமி இருக்கும் இடத்துக்கு அவை நடந்துபோக வேண்டுமே. சில பிள்ளைகளுக்கு அந்த நடைதான் வராது. கண்ணாடித் தகட்டில் ஒரு துளி ரத்தத்தை வைத்து, ஒரு மூலையில் கிருமியின் வாசனை காட்டும் மருந்தைத் தூண்டிலாகப் போட்டு, அணுக்கள் அதை நோக்கி எவ்வளவு தூரம் நகர்கின்றன என்று அரைமணி நேரம் படம் பிடிப்பதுதான் எங்கள் வேலை.

ஒரு பிள்ளையின் நடை மந்தம் என்று சொல்ல, யாரோ ஒருவருடைய நடை சரி என்று தெரிந்திருக்க வேண்டும். அந்த யாரோ ஒருவர்தான், இங்கே படம் பிடிக்கும் வேலையிலும் இருக்கும் ஹாராதன். பிள்ளையின் அணுக்கள் போன தூரத்தை இவருடைய அணுக்கள் போன தூரத்தால் வகுப்போம். எழுபது சதவீதத்துக்கு மேல் வந்தால் குறையில்லை. டார்ஜிலிங் மலையிலிருந்து சுந்தரவனம் வரைக்கும் எத்தனையோ பிள்ளைகள் இந்த மனிதரால் வகுக்கப்பட்டவர்கள். அறிக்கையில் இவருடைய வரிசைக்கு நேரே 'நார்மல்' என்று மட்டும் இருக்கும். அதனால் ஆய்வுக்கூடம் முழுக்க இவர் நார்மல்தா, நார்மல் அண்ணன்.

அந்தப் பெயரில் அவருக்கு ஏகப்பட்ட பெருமை. "டாக்டர்னு பட்டம் வாங்கினவன் தெருவுக்கு நாலு பேர் இருக்கான். நார்மல்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்த ஆள் எத்தன பேர் இருக்கான், சொல்லு பாப்போம்" என்று கேட்பார். அவர் மனைவி ஒருமுறை தொலைபேசியில் பேசினார்: "அங்கதான் நார்மலாமே? வீட்டுக்கு வர்றப்ப அத எங்க எறக்கி வெச்சிட்டு வர்றாரு?"

நார்மலாக இருப்பது சும்மா கிடைத்த பதவியில்லை. தலைவலி என்றால் மாத்திரை போட மாட்டார். இருமல் மருந்து கிடையாது. ஒருமுறை கடைவாய்ப் பல் வலிக்கு நான்கு நாள் கிராம்பை மட்டும் கடித்துக்கொண்டு பாக்னானிலிருந்து லோக்கல் ரயிலில் நின்றபடியே வந்து போனார். சோதனை நாளில் காலையிலேயே ஒரு படிவம் நிரப்ப வேண்டும்: காய்ச்சல் உண்டா, மருந்து ஏதாவது எடுத்தீர்களா, தூங்கினீர்களா. கேள்வி கேட்பவரும் பதில் எழுதுபவரும் அவரே. இல்லை, இல்லை, ஆம். பேனா நிற்காமல் ஓடிவிடும். விடாதது சாப்பாடு ஒன்றுதான். கொழுப்போடு மட்டன், ஹில்சா மீனின் சினை, பெரிய இறாலின் தலை. "அது மருந்தா என்ன? சாப்பாடு" என்பார்.

குளிர்தான் அவருடைய பரம எதிரி. தை மாதம் வந்துவிட்டால் கண் மட்டும் தெரியும் குரங்குக் குல்லா தலைக்கு ஏறிவிடும். ஆனால் அவர் மனைவி பின்னிக்கொடுத்த மஃப்ளர் அவர் கழுத்தில் இருக்காது. நுண்ணோக்கியின் சூட்டுப் பெட்டியைச் சுற்றியிருக்கும். யாராவது அறைக் கதவைத் திறந்துவிட்டால் போதும். "மூடு, மூடு! அதுங்களுக்கு சளி புடிச்சிடும்!" டெல்லியிலிருந்து ஆய்வுக்கு வந்த அதிகாரி ஒருவர் சிரித்துவிட்டார். ஹாராதன் சிரிக்கவில்லை. குளிர்ந்தால் அணுவுக்குள்ளே இருக்கும் சட்டகம் கரைந்து, அணு உருண்டையாகச் சுருண்டுவிடும் என்பது அவர் தினமும் கண்ணால் பார்ப்பது.

திரைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டால் அவர் பேச்சு முழுவதும் அணுக்களோடுதான். நேராகப் போகிறவன் 'ஒன்பது மணி ஆபீஸ்காரன்'. நின்று நின்று போகிறவன் 'மீன் மார்க்கெட் மாமா'. "ஏம்பா, கிளம்பியாச்சுல்ல? அப்புறம் என்ன திரும்பி ஒரு பார்வை? கேஸ அணைச்சிட்டுத்தான் வந்திருக்க, போ." எங்களில் யாராவது 'செல் நகர்கிறது' என்று சொன்னால் முகம் சுளிப்பார். "நகர்றதுன்னா மேஜையைத் தள்ளுற மாதிரி இருக்கு. நடக்குதுன்னு சொன்னா என்ன குறைஞ்சு போகுது?"

போன தை மாதம், கல்யாணங்கள் மும்முரமாக நடந்த நேரத்தில், ஒரு வெள்ளிக்கிழமை சரலா மாஹாதோ தன் நான்கு வயது மகளை அழைத்துக்கொண்டு புருலியாவிலிருந்து வந்திருந்தார். பிள்ளையின் பெயர் டுசு. கழுத்தில் இரண்டு ஆபரேஷன் தழும்பு, காதில் பஞ்சு. ஒன்றரை வருடமாக நான்கு ஆஸ்பத்திரி. காலையில் வழக்கம்போல் டுசுவின் ரத்தம், ஹாராதனின் ரத்தம், இரண்டு படங்கள். கணக்கு எழுபத்து நாலு சதவீதம் என்று வந்தது. இரண்டு பேருடைய தூரமும் வழக்கத்தைவிடக் குறைவுதான். அந்த வாரம் தூண்டில் மருந்து புதுப் புட்டி. முதல் வாரம் அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டார்கள். தலைமை மருத்துவர் லாஹிரி மேடம் 'குறை இல்லை' என்று கையெழுத்துப் போட்டார். இங்கே குறையில்லை என்றால் மேற்கொண்டு மரபணுச் சோதனை கிடையாது. பிள்ளையை வீட்டுக்கு அழைத்துப் போகலாம்.

ஜூதிகா வெளியே போய்ச் சொன்னதும் சரலா பெஞ்சிலிருந்து எழுந்தே விட்டார். "நடக்குதா? நல்லா நடக்குதா அக்கா?" அறிக்கை உறையிலிட்டு வரும்வரை பையைக் கட்டி மடியில் வைத்துக்கொண்டு, மாலை ரயிலைப் பிடித்துவிடலாம் என்று மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

உள்ளே, சாப்பாட்டு நேரத்தில், ஹாராதன் பொரி டப்பாவைத் திறக்காமல் தன்னுடைய படத்தையே மூன்றாவது முறையாக ஓட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன ஹாராதன்தா, சொந்த சினிமாவ எத்தன தடவ பாப்பீங்க?" என்றார் ஜூதிகா.

"இங்க வா. இவன் எங்க போறான்?"

"தூண்டில் பக்கம்."

"இப்ப?"

"திரும்பிட்டான்."

"இப்ப?"

"அந்தப் பக்கம் கொஞ்சம்... மறுபடி இந்தப் பக்கம். ராத்திரி தூங்கலயா நீங்க?"

"ஜூதிகா, நான் இருபத்திரண்டு வருஷமா நேரா நடந்தவன்."

அந்த நடையை அவர் வேறெங்கோ பார்த்திருந்தார். வருடா வருடம் மாணவர்கள் வரும்போது, அணுவின் சட்டகத்தை உடைத்தால் என்ன ஆகும் என்று காட்ட ஒரு மருந்தைச் சொட்டு விடுவோம். குளிர்ப்பெட்டியில் மண்டையோட்டுப் படம் ஒட்டிய சின்னப் புட்டி அது. அதைப் போட்டால் அணு நடப்பதை நிறுத்தாது. எங்கே போகிறோம் என்பதை மறந்துவிடும். ஹாராதன் எழுந்து, தன் பையின் பக்க அறையிலிருந்து ஒரு மாத்திரைப் பட்டையை எடுத்தார். பெரிய எழுத்தில் கம்பெனி வைத்த பெயர். பின்பக்கத்துப் பொடி எழுத்தைக் கண்ணாடித் தகடு பார்க்கும் லென்ஸை வைத்துப் படித்தார். பிறகு குளிர்ப்பெட்டியைத் திறந்து, மண்டையோட்டுப் புட்டியை எடுத்து, அதன் பெயரையும் படித்தார். அதே பெயர். இரண்டையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

மைத்துனன் மகள் கல்யாணத்தில் மூன்று நாள் விருந்து. புதன்கிழமை கால் கட்டைவிரல் தக்காளி மாதிரி வீங்கி, செருப்பு நுழையவில்லை. பாக்னான் மருந்துக்கடைக்காரர் ஒரு பட்டையைக் கொடுத்தார். கால்விரலுக்குத்தானே என்று போட்டுக்கொண்டார். வெள்ளிக்கிழமை காலை படிவத்தில் பேனா வழக்கம்போல் ஓடியது: இல்லை, இல்லை, ஆம்.

ஜூதிகாவுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அப்ப அந்தப் புள்ளையோட எழுபத்து நாலு..."

"நான் மந்தமா போனதால வந்த எழுபத்து நாலு."

கையெழுத்தான அறிக்கை உறைக்குள் இருந்தது. இவர்கள் இருவரையும் பக்கத்து மேஜையிலிருந்த என்னையும் தவிர யாருக்கும் தெரியாது. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் சரலா பிள்ளைக்குத் தலை சீவி விட்டுக்கொண்டிருந்தார். ஹாராதன் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். உறையை எடுத்துக்கொண்டு, வலது காலைத் தாங்கித் தாங்கி வைத்து, லாஹிரி மேடம் அறைக்குப் போனார்.

லாஹிரி மேடம் சத்தம் போடுகிறவர் இல்லை. அதுதான் கஷ்டம்.

"செவ்வாய்க்கிழமை சோதனை?"

"புதன் ராத்திரிதான் ஆரம்பிச்சேன் மேடம். அதுக்கு முன்னால ஒண்ணும் இல்ல. சத்தியமா."

"படிவத்துல என்ன எழுதியிருக்கீங்க?"

"இல்லைன்னு."

"யாரு கேட்டா?"

"நானேதான் கேட்டேன்."

மேடம் உறையைப் பிரித்து அறிக்கையை இரண்டாகக் கிழித்தார். "இந்தக் கால் வலி திரும்பத் திரும்ப வரும் ஹாராதன்பாபு. நீங்க அந்த மாத்திரைய சாப்பிட்டுத்தான் ஆகணும். நார்மல் பட்டியல்லேருந்து உங்க பேர நீங்களே எடுத்துடுங்க." கிழிந்த தாளைக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு, "அந்தம்மாகிட்ட நான் சொல்றேன்" என்றார்.

"இல்ல மேடம். நான் சொல்றேன்."

பெஞ்சில் சரலாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, தப்பு நடந்துவிட்டது, திரும்பவும் ரத்தம் எடுக்க வேண்டும் என்று சொன்னார். சரலாவின் முகம் மாறியது.

"பாப்பா ரத்தம் சரியில்லையா?"

"பாப்பா ரத்தம் எப்படின்னு இன்னும் தெரியாது மா. என் ரத்தம் சரியில்ல."

"உங்க ரத்தத்துக்கும் என் புள்ளைக்கும் என்ன பாபு சம்பந்தம்? ஒன்றரை வருஷம் கழிச்சு இன்னிக்குத்தான் ஒருத்தர் நல்லாருக்குன்னு சொன்னாங்க. அதையும் பிடுங்கிட்டுப் போக வந்தீங்களா?"

ஹாராதன் தலையைக் குனிந்துகொண்டு முழுவதையும் கேட்டார். அப்புறம் சொன்னார்: "உங்க ஊர்ல துர்கா பூஜைக்குப் பந்தல் போடுவாங்கல்ல? அந்தப் பந்தல் எந்திரிச்சு நடந்து போகணும்னா என்ன செய்யணும்? பின்னால இருக்குற மூங்கில உருவி முன்னால நடணும். பின்னால கயித்த அவுத்து முன்னால கட்டணும். நிக்காம செஞ்சுட்டே இருக்கணும். ரத்தத்துல இருக்குற வெள்ளை அணு அப்படித்தான் மா நடக்குது. பொடிக் கயிறு ஆயிரம் சேந்து முன்னால காலை நீட்டும். நீள மூங்கில் எந்தப் பக்கம் போகணும்னு பிடிச்சு வெச்சிருக்கும். புள்ளையோட நடைய என் நடை பக்கத்துல வெச்சுத்தான் பாக்குறோம். நான் என் மூங்கில ஒடச்சுக்கிட்டு வந்து நின்னுட்டேன்."

"எதால ஒடஞ்சது?"

"ஒரு மாத்திரை."

"எதுக்குத் தின்னீங்க?"

"கால் வீக்கம்."

"எதனால வீங்குச்சு?"

ஹாராதன் காலண்டர் இருக்கும் சுவரைத் தேடுவது போல அங்கும் இங்கும் பார்த்தார். "மட்டன்."

சரலா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "கல்யாணமா?"

"ஆமா."

"நல்லா இருந்துச்சா?"

"மூணு நாளும் நல்லா இருந்துச்சு மா."

சரலா கட்டிய பையை மடியிலிருந்து இறக்கிக் கீழே வைத்தார்.

புதிய நார்மலைத் தேடுவது அன்றைக்குப் பெரும்பாடாகிவிட்டது. ஜூதிகாவுக்குத் தைராய்டு மாத்திரை. மேடத்துக்கு ரத்த அழுத்தம். எனக்கு இரண்டு நாளாக மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. இரண்டாம் மாடி எழுத்தர் ஒருவர், "நான் நார்மல்னு யார் சொன்னா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். கடைசியில் ஹாராதன் முதல் முறையாக லிஃப்ட்டுக்குள் ஏறினார். பேசிக்கொண்டே மூன்று தடவை மேலும் கீழும் போய் வந்தபோது கேஷ்டோ வெளிறிய முகத்தோடு அவர் பின்னால் வந்தார்.

"இதுல உயிருக்கு ஒண்ணும்..."

"இருபத்திரண்டு வருஷம் குத்தியிருக்காங்க, செத்தா போயிட்டேன்? உக்காரு. காய்ச்சல் உண்டா?"

"இல்ல."

"மருந்து?"

"இல்ல."

"யோசிச்சு சொல்லு. பொடி எழுத்துல கூட?"

"சாமி சத்தியமா இல்ல பாபு."

கேஷ்டோ சொன்னது ஒவ்வொன்றையும் ஹாராதன் வாய்விட்டுப் படித்துவிட்டுத்தான் எழுதினார். டுசுவுக்கு இரண்டாம் முறை ஊசி குத்தியபோது அது ஹாராதனின் குரங்குக் குல்லாவைப் பிடித்து இழுத்து அவர் கண்ணை மூடிவிட்டது. அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

மாலை ரயில் போயிருக்கும் நேரத்தில் கணக்கு வந்தது. கேஷ்டோவின் அணுக்கள் பாய்ந்து போயிருந்தன. டுசுவினுடையவை இடத்தை விட்டு அசைந்ததே அபூர்வம். பத்தொன்பது சதவீதம். மேடம் சரலாவை உட்காரவைத்துப் பேசினார். அணுக்களுக்குள்ளே கால் நீட்டும் கயிறு பின்னப்படவில்லை என்றார். எந்தக் கோளாறு என்று மரபணுச் சோதனையில் தெரியும், அதற்கு ரத்தம் இன்றே போகிறது என்றார். எலும்பு மஜ்ஜை மாற்றினால் இது போன்ற பிள்ளைகளில் பலர் தேறுகிறார்கள், அதுவரை தொற்று அண்டாமல் காக்க மருந்து இருக்கிறது என்றார். பிள்ளையை இன்று சும்மா ஊருக்கு அனுப்பியிருந்தால் அடுத்த காய்ச்சலில் என்ன ஆகியிருக்கும் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. சரலா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கடைசியில் ஒன்று மட்டும் கேட்டார்.

"நான் பாக்கலாமா? பாபு பாக்குற அந்தப் படத்த."

டுசு அவர் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. ஹாராதன் தன் நாற்காலியை அவருக்குத் தள்ளிவிட்டு, நின்றுகொண்டே படத்தை ஓட்டினார். திரை இரண்டு பாதியாக ஓடியது. இடப்பக்கம் கேஷ்டோ, வலப்பக்கம் டுசு. எந்தத் தாயின் கண்ணும் ஓட்டமும் சுறுசுறுப்புமாக இருக்கும் பக்கம்தான் முதலில் போகும். சரலாவின் கண்ணும் அங்கேதான் போனது. "இதுவா எங்களது?" என்று கேட்டார். கேட்டுக்கொண்டிருக்கும்போதே அவருக்குப் புரிந்துவிட்டது. கண் மெதுவாக வலப்பக்கம் போய், மறுபடி இடப்பக்கம் வந்தது.

ஹாராதன் குனிந்து, உள்ளங்கையை அகல விரித்துத் திரையின் இடப்பாதியை மூடினார்.

மிச்சமிருந்த பாதியில் நாலைந்து அணுக்கள் உருண்டையாகக் கிடந்தன. ஓரத்திலிருந்த ஒன்று மட்டும் நூல் போல ஒரு காலை வெளியே நீட்டியது, இழுத்துக்கொண்டது, மறுபடி நீட்டியது.

"இதோ" என்றார் ஹாராதன். "இது டுசு."

சரலா பிள்ளையைத் தோள் மாற்றிக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனார். படம் அரைமணி நேரம். அது முடியும்வரை ஹாராதன் கையை எடுக்கவில்லை.